வரதராஜ முதலியார்: 'நாயகன்' படத்திற்கு முன்னும் பின்னும் ஒரு வாழ்க்கை

1987-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, தீபாவளித் திருநாளை ஒட்டி மணிரத்னம் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த 'நாயகன்' திரைப்படம் வெளியானது. தூத்துக்குடியிலிருந்து சிறுவனாக பம்பாய்க்குத் தப்பியோடி, தாராவி மக்களின் காவலராகவும் காவல்துறையின் எதிரியாகவும் உயர்ந்த வேலு நாயக்கர் இறுதிக் காட்சியில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியாகிறார். திரையரங்குகளில் மக்கள் அந்த மரணத்தைக் கண்டு கண் கலங்கிய நாட்களில், அக்கதாபாத்திரத்திற்கு மூலமாக அமைந்தவர் என அறியப்படும் மனிதர் உயிருடன் இருந்தார். படம் வெளியான 73-ஆம் நாள், 1988 ஜனவரி 2-ஆம் தேதி, மாரடைப்பால் அவர் காலமானார். அவர் பெயர் வரதராஜன் முனுசாமி முதலியார். பம்பாய் அவரை 'வரதா பாய்' என்று அழைத்தது.

அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. ஆயினும் தமிழகத்திலும், இரு மொழிப் படங்களையும் பார்த்து வளரும் செங்கல், பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற கேரள எல்லைப்புற ஊர்களிலும் அவரை அறிந்தவர்களில் பெரும்பாலோர் திரையின் வழியாகவே அறிந்திருக்கின்றனர். திரையில் தோன்றிய நாயக்கரின் நிழல், உண்மையில் வாழ்ந்த முதலியாரின் உருவத்தை ஏறக்குறைய மறைத்துவிட்டது. அவர் யார், எந்தச் சூழல் அவரை உருவாக்கியது, அவரது அதிகாரத்திற்கு யார் விலை கொடுத்தனர் என்பவை படத்திற்கு வெளியே நின்று பார்க்க வேண்டிய கேள்விகள்.

சுமை தூக்கும் தொழிலாளி

வரதராஜன் 1926-ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாகாணத்தின் துறைமுக நகரான தூத்துக்குடியில் பிறந்தார். பிழைப்புத் தேடி பம்பாய் சென்ற அவர், இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் என்று அழைக்கப்படும் விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் சுமை தூக்கும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கினார். தென்னிந்தியாவிலிருந்து வரும் ரயில்களில் நாள்தோறும் வந்து இறங்கிய ஏழைத் தமிழர்களை அவர் முதலில் சந்தித்த இடம் அந்த நடைமேடைதான். ரயில் நிலைய வளாகத்தை ஒட்டியுள்ள பிஸ்மில்லா ஷா பாபா தர்காவில் ஏழைகளுக்கு உணவளிக்கும் வழக்கத்தை அவர் அக்காலத்திலேயே தொடங்கியதாகவும், செல்வம் சேர்ந்த பின்னரும் அதைக் கைவிடவில்லை என்றும் கூறப்படுகிறது.

அக்காலத்து பம்பாய், வேலை தேடி வந்தவர்களுக்கு வேலை கொடுத்தது, வீடு கொடுக்கவில்லை. பருத்தி ஆலைகள், துறைமுகம், ரயில்வே, தோல் பதனிடும் தொழில் ஆகியவை கிராமங்களிலிருந்து ஆட்களை ஈர்த்துக்கொண்டே இருந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர்கள் தாராவியின் தோல் தொழிலில் பெருமளவில் ஈடுபட்டனர். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்த குயவர்கள் அதே தாராவியில் கும்பர்வாடாவை அமைத்தனர். சதுப்பு நிலத்தை மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கி, அதன்மேல் குடிசை போட்டவர்கள் இவர்கள். சட்டத்தின் பார்வையில் இவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். ஆகவே குடிநீர்க் குழாயும் மின் இணைப்பும் கழிப்பிடமும் கேட்கும் உரிமை இவர்களுக்கு இல்லை என்பதே நெடுங்காலம் நிர்வாகத்தின் நிலையாக இருந்தது.

மகாராஷ்டிர குடிசைப் பகுதிச் சட்டம் 1971-இல்தான் இயற்றப்பட்டது. குடிசைகளைக் கணக்கெடுத்து, குடியிருப்போருக்குப் புகைப்பட அடையாளச் சீட்டு வழங்கும் பணி 1976-இல்தான் நடந்தது. அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் அரசின் பதிவேட்டில் இல்லாத மனிதர்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் வேறு வழியில் வந்தன. அந்த வேறு வழியை நடத்தியவர்களுள் முதன்மையானவராக வரதராஜன் உயர்ந்தார்.

மதுவிலக்கு திறந்துவிட்ட வாசல்

அவரது எழுச்சிக்கு அடித்தளமிட்டது ஒரு சட்டம். 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் நகரின் சாராயக் கடைகளையும் மதுக்கூடங்களையும் மூடியது. குடிப்பழக்கம் மூடப்படவில்லை. உடல்நலக் காரணம் காட்டி அனுமதிச் சீட்டுப் பெற்றவர்கள் சட்டப்படி குடிக்க முடிந்தது. அத்தகைய சீட்டைப் பெறும் வசதியற்ற ஆலைத் தொழிலாளியும் சுமைக் கூலியும் கள்ளச்சாராயத்தை நாடினர். ஒழுக்கத்தை வளர்க்கும் நோக்குடன் வந்த சட்டம், ஏழைகளின் நகரில் ஒரு பெரும் கறுப்புச் சந்தையை உருவாக்கியது.

அமெரிக்காவிலும் இதற்கு முன்னரே இதுதான் நடந்தது. 1920 முதல் 1933 வரை அங்கு நிலவிய மதுவிலக்கு, இத்தாலியக் குடியேறிகளின் சிறு கும்பல்களைப் பெரும் குற்ற அமைப்புகளாக வளர்த்தது. மரியோ பூசோ 1969-இல் எழுதிய 'தி காட்ஃபாதர்' நாவலில் வரும் விட்டோ கார்லியோனியும் அந்தச் சூழலில் உருவானவரே. பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா 1972, 1974, 1990 ஆகிய ஆண்டுகளில் அக்கதையை மூன்று படங்களாக எடுத்தார். முதல் படம் சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த தழுவல் திரைக்கதை ஆகிய மூன்று ஆஸ்கர் விருதுகளை வென்றது. இரண்டாவது படத்திற்கு ஆறு விருதுகள் கிடைத்தன. குடியேறிகளின் ஏழ்மை, அவர்களைப் பாதுகாக்காத அரசு, தடை செய்யப்பட்ட ஒரு பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை நியூயார்க்கும் பம்பாயும் வெவ்வேறு காலங்களில் ஒரே விதமாகக் காட்டின.

வெல்லமும் நவச்சாரமும் கலந்து ஊறவைத்துக் காய்ச்சப்பட்ட சரக்கு, சதுப்பு நிலங்களிலும் புதர்களிலும் மறைவாகத் தயாரானது. லாரி, கார் சக்கரங்களின் ரப்பர் டியூப்களில் அடைக்கப்பட்டு நகருக்குள் கடத்தப்பட்டது. காய்ச்சுவோர், சுமப்போர், விற்போர், காவல்துறையினருக்கு மாமூல் கொண்டுசெல்வோர் எனப் பல அடுக்குகளாக அமைந்த இத்தொழிலில், வேலையற்ற தமிழ் இளைஞர்கள் எளிதில் கிடைக்கும் ஆட்களாக இருந்தனர். தாராவி, சயான், கோலிவாடா, ஆண்டாப் ஹில், மாட்டுங்கா ஆகிய பகுதிகள் வரதராஜனின் செல்வாக்கு வளையத்திற்குள் வந்தன.

மூவர் ஆண்ட நகரம்

1960-களிலும் 1970-களிலும் பம்பாயின் நிழல் உலகம் மூன்று பெயர்களால் அறியப்பட்டது. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய பட்டாணியர்களின் தலைவர் கரீம் லாலா ஒருவர். ராமநாதபுரம் மாவட்டம் பனைக்குளத்தில் பிறந்து, பம்பாய்த் துறைமுகத்தில் கூலியாக இருந்து, தங்கம் கடத்துபவராக உயர்ந்த ஹாஜி மஸ்தான் மற்றொருவர். மூன்றாமவர் வரதராஜன்.

ஒரே கடற்கரை மாநிலத்திலிருந்து சென்று, ஒரே மொழி பேசிய மஸ்தானும் வரதராஜனும் நெருங்கிய நண்பர்களாயினர். மஸ்தானின் களம் கடல். தங்கத்தின் இறக்குமதிக்கும் உடைமைக்கும் கட்டுப்பாடுகள் இருந்த காலம் அது. 1968-ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நடைமுறையில் இருந்தது. வரதராஜனின் களம் சாராயமும் துறைமுகச் சரக்கும் குடிசை நிலமும். துறைமுகத்தில் சரக்குத் திருட்டு, நில ஆக்கிரமிப்பு, கூலிக்குக் கொலை செய்வித்தல், போதைப் பொருள் வணிகம் எனப் பல குற்றச்சாட்டுகள் அவர்மீது அடுக்கப்பட்டன. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழைவதில்லை என்ற புரிந்துணர்வு மூவருக்கும் இடையே நிலவியதால், பிற்காலத்தில் கண்ட கும்பல் போர்கள் அன்று நகரில் பரவவில்லை.

வரதராஜனின் வாசலில் வழக்குகளும் வந்தன. வாடகைத் தகராறு, கூலிப் பாக்கி, குடும்பச் சண்டை, குடிசை இடத்துக்கான பூசல் ஆகியவற்றை அவர் விசாரித்துத் தீர்ப்பளித்தார். நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் பிடிக்கும் விவகாரம் அவர் முன் ஒரே மாலையில் முடிந்தது. ரேஷன் அட்டை வேண்டியவரும் மகளின் திருமணத்திற்குப் பணம் தேவைப்பட்டவரும் அவரைத் தேடிச் சென்றனர். அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய எங்கும் இடமில்லை என்பதும், உதவி பெற்றவர் ஒரு நாள் பதிலுக்கு உதவ வேண்டியிருக்கும் என்பதும் அந்த ஏற்பாட்டின் மறுபக்கம்.

மாட்டுங்கா பந்தல்

1966 ஜூன் 19-ஆம் தேதி பால் தாக்கரே சிவசேனாவைத் தொடங்கினார். மராட்டியர்களுக்கு உரிய வேலைகளைத் தென்னிந்தியர்கள் பறிக்கின்றனர் என்பதே அக்கட்சியின் தொடக்ககால முழக்கம். உடுப்பி உணவகங்களும் தென்னிந்தியர்களின் கடைகளும் தாக்குதலுக்கு உள்ளாயின. அலுவலக எழுத்தர்களாக இருந்த நடுத்தரத் தமிழர்களையே அந்தப் பிரசாரம் முதலில் குறிவைத்தது. அச்சமோ குடிசைப் பகுதிகள் வரை பரவியது. தங்களுக்கென்று கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம், அவர் எத்தகையவர் என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளியது.

இந்தப் பின்னணியில்தான் வரதராஜன் நடத்திய விநாயகர் சதுர்த்தி விழாவின் பொருள் விளங்கும். மாட்டுங்கா ரயில் நிலையத்தின் அருகே ஆண்டுதோறும் அவர் அமைத்த பந்தல், நகரின் மிகப் பெரிய பந்தல்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. பொது விநாயகர் விழா என்பது 1890-களில் திலகர் பரப்பிய, மராட்டிய மண்ணின் அடையாளமாகவே மாறிய விழா. அந்நியன் என்று சுட்டப்பட்ட ஒரு தமிழர், அந்த மண்ணின் விழாவையே பெரும் பொருட்செலவில் எடுத்து நடத்தியபோது, தானும் தன் மக்களும் இந்நகரத்தவரே என்று அறிவித்ததாக அது அமைந்தது. அதே பந்தல் அவருடைய பணத்தின் அளவையும் ஆட்பலத்தையும் எல்லோருக்கும் காட்டியது. காவல்துறையும் அதைக் கவனித்தது.

வீழ்ச்சி

1980-களின் தொடக்கத்தில் பம்பாய் மாறத் தொடங்கியது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் பங்கேற்றனர். பல ஆலைகள் அதன் பின்னர் மீளவே இல்லை. வேலையிழந்த குடும்பங்களின் இளைஞர்கள் பலர் கும்பல்களில் சேர்ந்தனர். 1981-இல் தாவூத் இப்ராகிமின் அண்ணன் சபீர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பழைய எல்லைப் புரிந்துணர்வுகள் உடைந்தன. மதுவிலக்கு விதிகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டதால், கள்ளச்சாராயத்தின் லாபமும் முன்போல் இல்லை. மஸ்தான் நெருக்கடி நிலைக் காலத்தில் சிறை சென்று திரும்பிய பின் கடத்தலிலிருந்து விலகி அரசியலை நோக்கித் திரும்பினார்.

வரதராஜனின் சாம்ராஜ்யத்தை முடிவுக்குக் கொண்டுவந்தவராகக் காவல்துறை அதிகாரி ஒய்.சி. பவார் குறிப்பிடப்படுகிறார். 1980-களின் நடுப்பகுதியில் அவர் மேற்கொண்ட தொடர் நடவடிக்கைகளில் சாராயக் கிடங்குகள் மூடப்பட்டன; நெருங்கிய கூட்டாளிகள் அடுத்தடுத்துக் கைதாயினர். மாட்டுங்கா பந்தலுக்கும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டு அதன் அளவு சுருங்கியது. வரதராஜன் பம்பாயை விட்டு வெளியேறிச் சென்னைக்குச் சென்றார். ஆயிரக்கணக்கானோர் கூடிய வாசலுக்கு உரியவராக இருந்தவர், இறுதி ஆண்டுகளைப் பொதுவெளியிலிருந்து ஒதுங்கியே கழித்தார்.

அவர் மறைந்ததும், அவரது விருப்பத்தின்படி உடல் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கெனத் தனி விமானத்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய நண்பர் ஹாஜி மஸ்தான். பிழைக்கப் போன ஊரையே தன் ஊராகக் கருதிய ஒரு மனிதரின் இறுதிப் பயணம், பிறந்த மாநிலத்திலிருந்து அந்த ஊரை நோக்கி அமைந்தது. மஸ்தான் 1994-இல் காலமானார்.

திரை உருவாக்கிய மனிதர்

மணிரத்னம் 1970-களில் பம்பாய் ஜம்னாலால் பஜாஜ் நிர்வாகவியல் நிறுவனத்தில் பயின்றவர். அப்போது நகரில் வரதராஜனின் பெயர் உச்சத்தில் இருந்தது. அந்த நினைவும் 'காட்ஃபாதர்' படங்களின் தாக்கமும் 'நாயகன்' படத்தில் கலந்துள்ளன. முக்தா சீனிவாசன் தயாரித்த அப்படத்திற்காகத் தாராவியின் சந்துகளைக் கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையில் அரங்கமாக எழுப்பினார். இளையராஜா இசையமைத்தார். கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகர், பி.சி. ஸ்ரீராமுக்குச் சிறந்த ஒளிப்பதிவு, தோட்டா தரணிக்குச் சிறந்த கலை இயக்கம் என மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட அப்படத்தை, 2005-இல் அமெரிக்காவின் 'டைம்' இதழ் நூறு சிறந்த படங்களின் பட்டியலில் சேர்த்தது.

படம் உண்மை வாழ்க்கையிலிருந்து பல இடங்களில் விலகுகிறது. வேலு நாயக்கரின் முதல் குற்றம், தொழிற்சங்கத் தலைவரான தந்தையைக் கொன்ற காவலரைப் பழிவாங்குவது. வரதராஜனின் பாதைக்கு அத்தகைய காவியத் தொடக்கம் எதுவும் இல்லை. சுமை தூக்கிய கூலி கள்ளச்சாராயத்தில் பணம் கண்டார் என்பதே அதன் தொடக்கம். நாயக்கர் மக்கள் கண்முன் சுடப்பட்டு இறக்கிறார். முதலியார் நோயுற்று இறந்தார். எனினும் படம் ஒரு முக்கியமான இடத்தில் தன் நாயகனை விசாரணைக்கு உட்படுத்துகிறது. தந்தையின் வழியை ஏற்காத மகள் அவரைக் கேள்வி கேட்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். இறுதியில் பேரன் அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்கும்போது, தெரியவில்லை என்பதே அவரது பதிலாகிறது.

'காட்ஃபாதர்' உருவானபோதும் இத்தகைய சிக்கல் எழுந்தது. இத்தாலிய அமெரிக்கர் அமைப்பு ஒன்று தெரிவித்த எதிர்ப்பை அடுத்து, முதல் படத்தின் திரைக்கதையிலிருந்து 'மாஃபியா' என்ற சொல்லே நீக்கப்பட்டது. ஒரு சமூகம் முழுவதும் குற்றவாளிகளின் சமூகமாகச் சித்தரிக்கப்படும் என்ற கவலை அங்கு இருந்தது. தாராவித் தமிழர்களும் அந்தச் சுமையை ஏதோ ஒரு வகையில் சுமக்க நேர்ந்தது. தோல் தொழிலாளர், தையற்காரர், இட்லி விற்கும் பெண்கள், பள்ளி ஆசிரியர் எனப் பல்லாயிரம் பேரின் நேர்மையான உழைப்பில் உருவான அப்பகுதி, வெளியுலகின் கற்பனையில் ஒரு தாதாவின் கோட்டையாகப் பதிந்துபோனது.

அந்தக் கற்பனை தொடர்ந்து வளர்ந்தது. 'நாயகன்' 1988-இல் இந்தியில் 'தயாவான்' ஆயிற்று. மஸ்தானின் வாழ்க்கைச் சாயல் கொண்டதாகப் பேசப்படும் 'தீவார்' அதற்கு முன்னரே, 1975-இல் வெளியானது. ராம் கோபால் வர்மாவின் 'சர்க்கார்' 2005-இல் 'காட்ஃபாதர்' படத்திற்கான காணிக்கையாக வந்தது. 2021-இல் மலையாளத்தில் மகேஷ் நாராயணன் இயக்கி ஃபகத் ஃபாசில் நடித்த 'மாலிக்', ஒரு கற்பனைக் கடலோரக் கிராமத்தின் தலைவரது கதையைச் சொன்னபோது, விமர்சகர்கள் பலர் 'நாயகன்' படத்தையே நினைவுகூர்ந்தனர்.

படத்தில் இல்லாதவர்கள்

இத்திரைப்படங்களில் அதிகம் இடம்பெறாதவர்கள் சாராயத்தைக் குடித்தவர்களும் அவர்களின் குடும்பத்தினரும்தான். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்தால், அது உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது, உயிரையும் பறிக்கிறது. வரதராஜனின் காலம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர், 2015 ஜூன் மாதம் மும்பையின் மால்வனி பகுதியில் நச்சுச் சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். இவ்வணிகம் யார் பெயரில் நடந்தாலும், இழப்பு கூலித் தொழிலாளியின் வீட்டில்தான் நிகழ்கிறது. கொடுத்த உதவியை நினைவில் வைத்திருப்பவர்கள் பேசுகின்றனர். கூலி முழுவதையும் சாராயத்தில் இழந்த வீடுகளின் கதை பதிவாவதில்லை.

அதேவேளையில், அவரை வெறும் குற்றவாளி என்று மட்டும் எழுதி முடித்துவிட்டால், அவருக்கு இடம் கொடுத்த வெற்றிடம் கண்ணில் படாமல் போய்விடும். தண்ணீர்க் குழாயும் ரேஷன் அட்டையும் விரைவான நீதியும் குடிமக்களுக்கு முறைப்படி கிடைத்திருந்தால், அவற்றை வழங்குபவராக ஒரு சாராய வணிகர் உயர்ந்திருக்க இயலாது. ஒய்.சி. பவாரின் நடவடிக்கை வரதராஜனை அகற்றியது. அந்த வெற்றிடத்தை நிரப்புவது காவல்துறையின் பணி அன்று; அது நிர்வாகத்தின் பணி.

அப்பணி இன்னும் முடியவில்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் தேர்வானது. 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்னர் தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபிப்பவர்களுக்குத் தாராவியிலேயே இலவச வீடு என்பது திட்டத்தின் முக்கிய விதி. மேல்தளங்களில் வசிப்போரும் பின்னர் வந்தோரும் வேறு இடங்களுக்கு மாற வேண்டிய நிலை உள்ளதால், யார் தகுதியுடையவர், யாரிடம் ஆவணம் உள்ளது என்ற பழைய கேள்வி புதிய வடிவில் எழுந்துள்ளது. விக்டோரியா டெர்மினஸ் நடைமேடையில் இறங்கிய முதல் தலைமுறைத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள், தாங்கள் இந்நகரத்தவர் என்பதை மெய்ப்பிக்க இன்று காகிதங்களைத் தேடுகின்றனர்.